நாகம்மாள் கேட்ட பங்கு: பாலக்கோடு வட்டாரப் பள்ளியில் ஒரு நாவல் செயல்திட்டம்

செயல்திட்டம் என்று பள்ளியில் அறிவித்தால் மறுநாளே பாலக்கோட்டு ஸ்டேஷனரிக் கடைகளில் தெர்மாகோல் தீர்ந்துபோகும். ஒரு குடிசை, ஒரு கிணறு, இரண்டு தென்னை மரம், பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள். இவற்றை ஒட்டிய பலகையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். கிராமத்துக் கதை எதைக் கொடுத்தாலும் பலகை ஒன்றுதான். நாவலின் பெயரை மட்டும் ஸ்கெட்ச் பேனாவால் மாற்றி எழுதினால் போதும். புத்தகத்தைத் திறக்காமலேயே முடித்துவிடக்கூடிய வேலை அது. வீட்டில் அப்பா அம்மாவுக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் செலவு வேறு.

இந்த ஆய்வு, பலகை வேண்டாம் என்று முடிவு செய்த ஒரு வகுப்பைப் பற்றியது. பாலக்கோடு வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பு, கலைப்பிரிவு, நாற்பது பேருக்கு மேல். பாதிப் பேர் வீட்டில் தக்காளியும் கேழ்வரகும் விளைகிறது. மீதிப் பேரின் அப்பாக்கள் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். இவர்கள் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை ஒரு பருவம் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு என்னென்ன செய்தார்கள், அவற்றில் எது அவர்களை நாவலுக்குள் இழுத்தது, எது வாசலிலேயே நிறுத்திவிட்டது என்பதை எழுதுகிறேன். அவர்களுக்குத் தமிழ் எடுப்பவள் நான்.

ஏன் இந்த நாவல்

‘நாகம்மாள்’ வெளிவந்தது 1942இல். தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமர்சகர்கள் பலரும் இதைத்தான் சொல்வார்கள். அளவில் சிறியது. கதையும் சிக்கலில்லாதது. கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் நாகம்மாள் புருஷனை இழந்தவள். முத்தாயி என்று ஒரு பெண் குழந்தை. கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி இவர்களோடு ஒரே குடும்பமாக இருக்கிறாள். ஊரில் கெட்டியப்பன் என்றொரு முரடன், குடிகாரன். அவனோடு நாகம்மாளுக்குப் பழக்கம் ஏற்படுகிறது. ஊரின் பரம்பரை அதிகாரியான மணியக்காரர் பின்னாலிருந்து தூபம் போடுகிறார். நாகம்மாள் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கடைசியில் சின்னப்பன் கெட்டியப்பனின் கையால் சாகிறான்.

இவ்வளவுதான் கதை. ஆனால் தருமபுரி மாவட்டத்தில் ஒரு வகுப்பறைக்குள் போய் “பங்கு பிரிக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். சிறுகதை வகுப்பில் தூங்குகிற பையனும் நிமிர்ந்து உட்காருவான். பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு, கிணற்றுத் தகராறு இவற்றில் ஒன்றாவது நடக்காத குடும்பம் இங்கே அபூர்வம். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்ற சொற்களை இவர்கள் ஆகுபெயர், அன்மொழித்தொகைக்கு முன்பே கேட்டு வளர்ந்தவர்கள். நாவலைத் தேர்ந்தெடுக்க எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

தடை ஒன்று இருந்தது, மொழி. வகுப்பில் சிலருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் கொங்குப் பேச்சு அவர்கள் ஊர்ப் பேச்சு இல்லை. பிரதிகளும் குறைவு. அதனால் மன்றப் பிரிவேளையில் உரக்க வாசித்தோம். கதைமாந்தர் பேச்சை ஆளுக்கு ஒருவராகப் பிரித்து வாசித்ததில் இரண்டு அத்தியாயத்துக்குள் காது பழகிவிட்டது. வட்டாரச் சொல் அகராதி தொகுக்க ஒரு குழு கிளம்பியது. முப்பது சொல்லோடு களைத்துப்போனது. அதை நான் வற்புறுத்தவில்லை.

வைத்த விதிகள்

விதி மூன்றுதான். ஏ4 தாள், பேனா, பென்சிலைத் தாண்டி எதுவும் வாங்கக் கூடாது. செய்கிற எந்த வேலையிலும், சொல்கிற ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் நாவலின் பக்க எண் எழுத வேண்டும். நாவலில் இல்லாததைத் தாங்களாகச் சேர்த்தால் அது தெரியும்படி, படமானால் புள்ளிக்கோடாகவும் எழுத்தானால் பென்சிலிலும் காட்ட வேண்டும்.

மூன்றாவது விதிதான் வகுப்பைப் பிடித்து ஆட்டியது. கற்பனை செய்யத் தடையில்லை, ஆனால் எது சண்முகசுந்தரம் எழுதியது, எது நீ சேர்த்தது என்று பிரித்துக் காட்டு என்றால், ஒவ்வொரு வரிக்கும் புத்தகத்தைத் திரும்பத் திறந்தாக வேண்டியிருக்கிறது. நன்றாக எழுதுகிற பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் உறைத்தது. தாங்கள் கதையில் படித்ததாக நம்பிய பல விஷயங்கள் பார்த்த சினிமாக்களிலிருந்து ஒட்டிக்கொண்டவை என்று பக்க எண் தேடும்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

முதலில் அவர்கள் கேட்டது பட்டிமன்றம். “நாகம்மாள் நல்லவளா, கெட்டவளா?” ஒரு நாவலை வீணாக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று பேர் நல்லவள் என்பார்கள், மூன்று பேர் கெட்டவள் என்பார்கள், நடுவர் சூழ்நிலைதான் காரணம் என்று முடிப்பார். கைதட்டலுக்கு நடுவே நாவல் காணாமல்போய்விடும். அதை எடுத்தவுடன் ஒதுக்கிவிட்டேன். ரீல்ஸ் எடுக்கலாமா என்று பையன்கள் கேட்டதற்குச் சரி என்றேன். எடுத்தார்கள். கெட்டியப்பன் மீசை முறுக்கிக்கொண்டு நடக்கிற காட்சிக்குப் பின்னணி இசை நன்றாக இருந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நிலத்தை வரைந்தவர்கள்

ஒரு குழு சின்னப்பன் குடும்பத்து நிலத்துக்குப் புலப்படம் வரைய எடுத்துக்கொண்டது. அரசின் இணையதளத்தில் தங்கள் சொந்த நிலத்தின் படத்தைப் பார்த்துப் பழகியவர்கள். கோடு, கல், எல்லை எல்லாம் எப்படிக் குறிப்பது என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாவலிலிருந்து வீடு, தோட்டம், ஊர், தடம் பற்றிய வரிகளை முதலில் தனித்தாளில் எழுதினார்கள். பிறகு வரைந்தார்கள். முடிந்தபோது படத்தில் பெரும்பாலும் புள்ளிக்கோடுகள்.

பிள்ளைகளுக்கு அது ஏமாற்றம். “அம்மா, நெலத்துக்காகக் கொலையே நடக்குது, ஆனா நெலம் எப்படி இருக்குதுன்னு முழுசா சொல்லலையே” என்றான் வரைந்தவர்களில் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதி வைத்தேன். நாவலாசிரியர் எங்கே விவரம் தருகிறார், எங்கே தராமல் விடுகிறார் என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்டுவிட்டால், நடையியல் பாடத்தில் பாதி நடத்தியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு வகுப்பு பல பதில் சொன்னது. எனக்குப் பிடித்தது ஒரு பெண் சொன்னது: இந்த ஊர்க்காரர்கள் தினம் பார்க்கிற நிலத்தை யாருக்கு வர்ணிப்பார்கள்?

பாகப்பிரிவினைப் பத்திரம்

எல்லாவற்றிலும் அதிகம் விளைந்தது இந்த வேலையில்தான்.

ஐந்து பெண்கள் கொண்ட குழு. கொலை நடக்கவில்லை, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து சுமுகமாகப் பங்கு பிரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, சின்னப்பனும் நாகம்மாளும் 1942இல் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுதுவது அவர்கள் வேலை. மாதிரிக்கு வீட்டிலிருந்து பழைய பத்திரங்களின் நகல் கொண்டுவரலாம், மூலத்தைத் தொடவே கூடாது, பெயர்களையும் சர்வே எண்களையும் மறைத்துத்தான் நகல் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இதை மற்ற ஆசிரியர்களுக்கும் அழுத்திச் சொல்வேன். ஒரு குடும்பத்துச் சொத்து விவரம் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தால் அது ஊர்முழுக்கப் போய்விடும்.

ஒருத்தி கொண்டுவந்த நகலில் கிங் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள். புள்ளியும் இல்லாமல் நிறுத்தமும் இல்லாமல் ஒரே வாக்கியமாக இரண்டு பக்கம் ஓடுகிற எழுத்து. “நமக்குள் ஏகமனதாய்ப் பிரித்துக்கொண்டபடியால்”, “மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட”, “மேற்படி கிணற்றில் சரிபாதிப் பாத்தியமும்”. முதல் வாரம் சிரித்துக்கொண்டே அந்த நடையைப் பழகினார்கள். வகுப்பில் பென்சில் காணாமல்போனாலும் “மேற்படி பென்சிலை ஆண்டு அனுபவித்து வருகிறவர் யார்” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு எழுத உட்கார்ந்தார்கள். நிலம் சரிபாதி. அதில் தகராறில்லை. வீடு நடுவில் சுவர் வைத்துப் பிரிப்பது. அதிலும் தகராறில்லை. கிணறு பொது, முறை வைத்து இறைத்துக்கொள்வது. இன்றைக்கும் மோட்டார் முறை அப்படித்தான் நடக்கிறது, நாள் முறை ராத்திரி முறை என்று. இதையெல்லாம் பென்சிலில் எழுதிக்கொண்டே வந்தவர்கள் எருதுகளிடம் வந்ததும் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் மோட்டார் கிடையாது. கவலை ஏற்றத்தில் இரண்டு எருது பூட்டி, சாய்வில் இறங்கி ஏறித்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். ஒரு ஜோடி என்று வைத்தால் எருதுகளை எப்படிப் பிரிப்பது? ஆளுக்கொன்று கொடுத்தால் இரண்டு பேருக்கும் உதவாது. ஜோடியாகச் சின்னப்பனுக்கே விட்டுவிட்டு நாகம்மாளுக்குப் பணமாகக் கொடுக்கலாம் என்றாள் ஒருத்தி.

“எருது ரெண்டும் சித்தப்பனுக்குப் போயிட்டா, இந்தம்மா தன் முறைக்கு எதை வெச்சுத் தண்ணி எறைக்கும்?”

“வாடகைக்கு ஆள் வெச்சுக்கும்.”

“யாரு வருவாங்க? கொழுந்தனப் பகைச்சிக்கிட்டு இந்தம்மாவுக்கு ஏர் ஓட்ட யாரு வருவாங்க?”

சரி, எருதுகளை நாகம்மாளுக்கே கொடுப்போம் என்று மாற்றி எழுதினார்கள். அப்போது அடுத்த முடிச்சு. எருது கிடைத்தாலும் ஓட்டுவது யார்? பெண்கள் களை எடுக்கலாம், நாற்று நடலாம், கதிர் அறுக்கலாம்; ஏர் பிடிக்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். இன்றும் இங்கே பல ஊர்களில் அதுதான் நிலை. ஆக, பாதி நிலம், பாதிக் கிணறு, ஜோடி எருது எல்லாம் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாலும், அந்த நிலத்தில் ஒரு பிடி தானியம் விளைய வேண்டுமானால் ஏர் பிடிக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டும். மகன் இல்லை. தம்பி முறையில் யாரும் பக்கத்தில் இல்லை. கொழுந்தன் பகையாளி.

“அப்போ கெட்டியப்பன் வராம முடியாதும்மா” என்றாள் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவள்.

அதுவரை கெட்டியப்பனை அந்த வகுப்பு ஒரே விதமாகத்தான் வாசித்திருந்தது: கெட்ட சகவாசம். நாகம்மாள் அவனோடு பழகியது அவள் நடத்தைக் குறை என்றுதான் விடைத்தாளில் எழுதியிருந்தார்கள். பத்திரம் எழுதிய பிறகு நாவலை முதலிலிருந்து திருப்பினார்கள். பங்கு கேட்கிற பெண்ணுக்குக் கைத்தடியாகவும் ஏர்க்காரனாகவும் மிரட்டலுக்கு முரடனாகவும் ஒரே ஆளாக அவன் எப்படித் தேவைப்படுகிறான் என்று பார்த்தார்கள். அவர்கள் கண்டுபிடித்ததில் எல்லாம் எனக்கு உடன்பாடில்லை. சண்முகசுந்தரம் கெட்டியப்பனுக்குள் வைத்திருக்கும் முரட்டுக் கவர்ச்சியை இந்த எருதுக் கணக்கு கொஞ்சம் தட்டையாக்கிவிடுகிறது. ஒரு மனுஷியின் ஆசைக்கு உழவுத் தேவை மட்டும் விளக்கமாகாது. ஆனால் உரைநடைப் பாடக் கேள்வி பதிலில் எத்தனை வருஷம் நடத்தியும் இந்த இடத்துக்கு ஒரு வகுப்பும் எனக்கு வந்து சேர்ந்ததில்லை.

சட்டம் என்ன சொன்னது

பத்திரக் குழு முடித்த பிறகு வகுப்புக்கே ஒரு சந்தேகம். நாகம்மாளுக்குச் சட்டப்படி பங்கு உண்டா? தருமபுரி நீதிமன்றத்தில் வழக்காடும் ஒருவர், ஒரு மாணவனின் தாய்மாமன், ஒரு சனிக்கிழமை வந்து விளக்கினார். பிள்ளைகள் எதிர்பார்த்தது ஆம் அல்லது இல்லை. கிடைத்தது விசித்திரமான பதில்.

மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட மரபின்படி, கூட்டுக் குடும்பத்தில் மகனில்லாமல் இறந்த அண்ணனின் பங்கு உயிரோடிருக்கும் தம்பிக்குப் போய்ச் சேரும். விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும். 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இதை மாற்றியது. அந்த வருஷம் ஏப்ரல் 14க்குப் பிறகு கணவன் இறந்திருந்தால், கூட்டுக் குடும்பச் சொத்தில் அவனுக்கிருந்த பங்கு மனைவிக்கு வரும். ஆயுள்வரை அனுபவிக்கலாம், பிரித்துத் தரும்படியும் கேட்கலாம். ஆனால் 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம், மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று கருத்துச் சொல்லிவிட்டது. விவசாய நிலத்துக்கும் அதை நீட்டித்துச் சென்னை மாகாணம் சட்டம் இயற்றியது 1947இல்.

நாவல் வந்தது நடுவே, 1942இல். ஆக அந்த வருஷக் கணக்கில், புருஷன் 1937க்குப் பின் இறந்திருந்தால் நாகம்மாள் வீட்டில் பங்கு கேட்கலாம், எருதுகளில் பங்கு கேட்கலாம். நிலத்தில் கேட்க முடியாது.

வகுப்பு ஒரு கணம் விழித்துவிட்டு ஒரே சத்தமாகச் சிரித்தது. பத்திரக் குழு மண்டையை உடைத்துக்கொண்ட எருதுகள் சட்டப்படி அவளுடையவை. உயிரே போன நிலம் அவளுக்கு இல்லை. நாவலாசிரியர் இந்தச் சட்ட நுணுக்கத்தை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். கிராமத்தில் பங்கு என்பது சட்டப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்கிற விஷயமில்லை, நியாயம் என்று பட்டதைக் கேட்பதுதான். ஆனாலும் வெளிவந்த ஆண்டை ஒரு எண்ணாக மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்த பிள்ளைகளுக்கு, 1942 என்பதற்குள் ஒரு பெண்ணின் கை எட்டும் தூரமும் எட்டாத தூரமும் இருப்பது புலப்பட்டது.

வக்கீல் அங்கே நிற்கவில்லை. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண்ணின் வரையறுக்கப்பட்ட உரிமையை முழு உரிமையாக்கியதைச் சொன்னார். 1989இல் தமிழ்நாடு திருமணமாகாத மகள்களைப் பிறப்பாலேயே பங்காளிகளாக்கியது, 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களையும் சேர்த்தது, அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது என வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பெண்கள் குறிப்பெடுத்தார்கள். பையன்கள் கூரையைப் பார்த்தார்கள்.

இதன் பலன் அடுத்த வாரம் பள்ளி வாசலுக்கு வந்தது. ஒரு பெண்ணின் அப்பா. கோபமாகத்தான் வந்தார். “என்னங்கம்மா, கதை நடத்துறீங்களா, இல்ல பொண்ணுங்களுக்கு அண்ணந்தம்பிகிட்ட பங்கு கேக்கச் சொல்லித் தர்றீங்களா? ராத்திரி என் தங்கச்சி வந்திருந்தப்போ இது வாயத் தொறந்து, அத்தை விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டியான்னு கேக்குது.” விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கு வேண்டாமென்று எழுதிக் கொடுப்பது. உட்காரச் சொல்லி, பத்திரக் குழுவின் தாளைக் காட்டினேன். அவர் அதை முழுக்கப் படித்தார். கிணற்று முறை எழுதியிருந்த இடத்தில், ஏற்றத்துக்கு வாரி, சால் எல்லாம் யாருடையது என்று எழுதவில்லையே, அதில்தான் முதல் சண்டையே வரும் என்றார். பேனாவை நீட்டினேன். அவரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பங்கு விஷயத்தில் அவர் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. அந்த வரி மட்டும் பத்திரத்தில் இருக்கிறது, அவர் மகளின் பென்சில் எழுத்துக்கு நடுவே நீல மையில்.

ஊரை இடம் மாற்றியது

பையன்கள் குழு ஒன்று, இதே கதை 1942இல் காரிமங்கலம் பக்கம் நடந்தால் என்ன மாறும் என்று எழுதியது. பயிர்கள் மாறும், சாமையும் கேழ்வரகும் வரும் என்கிற அளவில் தொடங்கினார்கள். மணியக்காரர் யார் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பரம்பரைக் கிராமப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு வி.ஏ.ஓ. வந்தபின் பிறந்த தலைமுறைக்கும் பிந்திய தலைமுறை. தாத்தாக்களிடம் கேட்கச் சொன்னேன். வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, போலீஸுக்குத் தகவல் எல்லாம் அவர் கையில்தான் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

இதில் நல்ல இடம் ஒன்று அமைந்தது. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1965இல். சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1இல். நாவல் நடக்கிற கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படியில்லை. இந்த விவரத்தை வரலாற்று ஆசிரியர் எடுத்துக் கொடுத்ததும் குழுவில் ஒருவன் சட்டென்று பிடித்தான். நம்ம ஊரில் என்றால் கெட்டியப்பன் திருட்டுத்தனமாகத்தான் குடித்திருக்க முடியும். காட்டிக்கொடுக்கக்கூடியவர் மணியக்காரர். அப்படியானால் கெட்டியப்பனின் குடுமி முழுக்க மணியக்காரர் கையில். கொலையில் அவர் பங்கு இன்னும் கூடிவிடும்.

இந்த ஒரு பத்திக்காக அந்தக் குழுவின் மற்ற ஆறு பக்கத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். மீதியெல்லாம் ஒகேனக்கல், அதியமான், நடுகல் என்று சுற்றுலாக் கையேடு.

வழக்கு

கடைசியாகக் கொலை வழக்கு. வக்கீல் மறுபடி வந்து பிரிவுகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. ஆனால் குற்றம் நடந்தது 1942 என்பதால் இந்தியத் தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். கொலைக்கு 302. கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு 304. திட்டமிடாமல் திடீர்ச் சண்டையில் நடந்ததா என்று பார்க்க 300இன் நான்காம் விதிவிலக்கு. தூண்டுதலுக்கு 107.

கெட்டியப்பன் மீதான வாதம் விரைவில் முடிந்தது. நாகம்மாள் மீதான தூண்டுதல் குற்றச்சாட்டில்தான் சிக்கினார்கள். அரசுத் தரப்புக்கு வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிற பையன். அவள் ஆசை, அவள் வீம்பு, அவள் பேச்சு என்று அடுக்கினான். எதிர்த்தரப்புப் பெண் ஒவ்வொரு முறையும் எழுந்து ஒரே கேள்வி கேட்டாள்: பக்கம்? அவன் பக்கம் சொன்ன இடமெல்லாம் நாகம்மாள் பங்கு கேட்ட இடம். கொல்லச் சொன்ன இடம் எது என்றாள். அவனால் காட்ட முடியவில்லை. குரலை உயர்த்தினான், வகுப்பு அவன் பக்கம் சாயவில்லை. பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டே இருக்கிற பையன், முதல்முறையாக ஒரு புத்தகத்திடம் தோற்றான். பிறகு அவள் கூடுதலாக ஒன்றைக் கேட்டாள். 107 தூண்டியவருக்கென்றால், கூண்டில் முதலில் நிற்க வேண்டியவர் மணியக்காரர். அவர் ஏன் சாட்சிப் பட்டியலில் இருக்கிறார்?

நீதிபதியாக உட்கார்ந்தவளும் மாணவிதான். தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு தரப்பும் ராமாயியை விசாரிக்கவே இல்லை, அவளுக்கும் ஒரு புருஷன் செத்திருக்கிறான், அவளைக் கூப்பிடுங்கள் என்றாள். ராமாயியாக நடிக்க யாரும் தயாராகியிருக்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் நான்கு பேர் ராமாயியின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு வந்தார்கள். நான்கில் மூன்று அழுகையும் ஒப்பாரியும். நான்காவது அரைப் பக்கம்தான். அதில் ராமாயி நீதிமன்றத்தில் கேட்பது: இனி இந்த வீட்டில் நானும் அக்காளும் இரண்டு விதவைகள்; எருதை யார் ஓட்டுவது?

எழுதியவள் பத்திரக் குழுவில் இல்லாதவள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்டவர்கள் பத்திரக் குழுக்காரர்கள்.

மதிப்பெண்ணும் மற்றதும்

அகமதிப்பீட்டில் உள்ளதே 10 மதிப்பெண். செயல்திட்டத்துக்கு அதில் ஒரு துண்டுதான். ஆகவே மதிப்பெண்ணைக் காட்டி யாரையும் இழுக்க முடியாது, பயமுறுத்தவும் முடியாது. நான் பார்த்தது இரண்டு விஷயம். தாளில் பக்க எண்கள் சரியாக இருக்கின்றனவா. செய்து முடித்த பிறகு முன்பு இல்லாத ஒரு கேள்வி அவர்களிடம் இருக்கிறதா. நிலப்படக் குழுவுக்கு முழு மதிப்பெண், படம் அழகில்லை என்றாலும். ரீல்ஸ் குழுவுக்குக் குறைவு. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பார்வைகள் நிறைய வந்திருக்கின்றனவாம்.

முத்தாயி வளர்ந்தபின் எழுதும் கடிதம் என்று ஒரு வேலையும் கொடுத்திருந்தேன். எல்லோருக்கும் பிடித்தது, எல்லோரும் எழுதினார்கள், படிக்கவும் சுகமாக இருந்தன. ஆனால் ஒன்றிலும் பக்க எண் இல்லை, இருக்கவும் முடியாது. நாவல் முடிந்த பிறகு நடக்கிற கதை முழுக்கப் பென்சில்தான். மொழிப் பயிற்சிக்கு நல்லது. நாவலைப் படிக்க அது உதவியதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை முத்தாயியின் வயதை மட்டும் வைத்துக்கொண்டு, நாவலுக்குள் நடக்கும் ஏதாவது ஒரு நாளை அவள் கண்ணால் எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அங்கே புத்தகம் காவலுக்கு நிற்கும்.

பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர்கள் சிலர் இந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒருவர் ‘கமலாம்பாள் சரித்திர’த்துக்குச் செய்து பார்க்கப் போவதாகச் சொன்னார். விவேக சிந்தாமணியில் 1893 முதல் தொடராக வந்த அந்த நாவலின் முன்பாதி இதற்குப் பொருந்தும். ஊர், வம்பு, கல்யாணம், கடன் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடலாம், கடிதம் எழுதலாம், பஞ்சாயத்து வைக்கலாம். பின்பாதி வேதாந்தத்துக்குள் போய்விடும். அங்கே பத்திரமும் புலப்படமும் எடுபடாது, வேறு வழி யோசியுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நிலம், பணம், உறவு இவற்றில் ஏதாவதொரு வழக்கு நாவலுக்குள் இருந்தால் இந்த முறை ஓடும். மனசுக்குள்ளேயே நடக்கிற நாவலுக்கு உரக்க வாசிப்பதைத் தாண்டி என்னிடம் இப்போதைக்கு ஒன்றுமில்லை.